வாயில் அழுகிய பெயர்

மோல்தாவிய நாட்டில், சிரெத் ஆறு வளைகிற இடத்தில், பழைய பிரபுக்கள் ஆண்ட காலத்தில் ஸ்துபேனி என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊரில் ஆளுக்கு ஒரு பெயர்தான். ஞானஸ்நானத் தண்ணீரில் பிள்ளையை முக்கி எடுக்கும்போது பாதிரியார் எதைச் சொன்னாரோ அதுவே சாகும்வரை போதுமானதாக இருந்தது, இன்னொன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. நாற்பது வீடுகளில் ஏழு இயோன்கள் இருந்தார்கள், இரண்டு கவ்ரில்கள் இருந்தார்கள். எந்த இயோன் என்று யாராவது கேட்டால் அவன் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏழு இயோன்களில் ஒருவன் சாஃப்தாவின் மகன். சாஃப்தா ஆடு வளர்த்துப் பாலாடைக் கட்டி செய்கிறவள், வாய் சுத்தமானவள். பால் திரிவதற்கு அரை நாள் முன்பே அவள் நாக்கு கண்டுபிடித்துவிடும். அடுத்தவர் கடித்த ரொட்டியைத் தொடமாட்டாள், அடுத்தவர் குடித்த கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்க்காமல் உதட்டில் வைக்கமாட்டாள். அவள் புருஷன் வசீலே இரண்டு வருஷத்துக்கு முன் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் பனியில் தொலைந்துபோனான். பனி உருகியபோது நாணல் காட்டுக்குள் நாய்கள்தான் அவனைக் கண்டுபிடித்தன. அதைப் பற்றி அவள் எவரிடமும் பேசியதில்லை, மற்றவர்களும் அவள் காதுபடப் பேசியதில்லை.

மேட்டுப் புல்வெளி யாருக்கு என்று ஊருக்கும் பக்கத்து மடத்துக்கும் நெடுநாள் வழக்கு. அந்த வழக்கைத் தீர்க்க எல்லைப் பத்திரம் எழுதச் சொல்லி ஆணை வந்தது. எழுத வந்தவன் மடத்து எழுத்தன் இலாரியோன். கோயில் முற்றத்தில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் தோல் ஏட்டை விரித்து, வாத்து இறகைச் சீவிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். வீட்டுக்கு ஓர் ஆண் சாட்சி. முதல் இயோனை எழுதினான், இரண்டாவது இயோனை எழுதினான், மூன்றாவது இயோன் வந்து நின்றதும் இறகைக் கீழே வைத்துவிட்டான். இப்படி எழுதினால் நாளைக்கு எந்த இயோன் சாட்சி சொன்னான் என்று எவனும் அறியமாட்டான், ஒவ்வொருவனுக்கும் பின்னால் ஒரு சொல் வேண்டும், என்ன சொல் என்று ஊரே முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்றான்.

ஊர் முடிவு பண்ணியது. ஊர்த்தலைவன் ஒனோஃப்ரேய் ஒரு ஒயின் பீப்பாயைத் திறக்கச் சொன்னான், அதன்பின் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. தேனீ வளர்க்கிற இயோனை அவர்கள் பேச்சில் பிரிசகாரு என்றார்கள், தேனீக்காரன். மாவரைக்கிற இயோன் மொராரு. இதுவரை ஒன்றும் குற்றமில்லை. ஆனால் கிண்ணம் இரண்டாவது சுற்று வந்தபோது காது கேளாத இயோன் சுர்து ஆனான், செவிடன். அவனுக்கு அது கேட்காததால் அவனும் சேர்ந்து சிரித்தான். ஒற்றைக் கண்ணன் கியோரு ஆனான். வண்டிக்கார கவ்ரில் வந்து நின்றான். குழந்தையில் யாரோ மாவு ஆலை வாசலில் போட்டுவிட்டுப் போன, தாய் தகப்பன் தெரியாத ஆள். கூச்சத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டே நின்றான். இவனுக்கு என்ன எழுதுவது என்று எல்லாரும் யோசித்துக்கொண்டிருக்கையில் சாஃப்தாதான் பின்னாலிருந்து சொன்னாள்: "பதூகேன்னு எழுதுங்க. எந்நேரமும் சொறிஞ்சுக்கிட்டேதானே இருக்கான்."

பதூகே என்றால் பேன். முற்றமே குலுங்கிச் சிரித்தது. புருஷன் போன பிறகு அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு அவள் உடம்பில் இளஞ்சூடாக இறங்கியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அடுத்து நின்றது அவள் மகன். சிரிப்பு அடங்குவதற்குள் ஒனோஃப்ரேய் கிண்ணத்தை உயர்த்தி, வாயைத் துடைத்துக்கொண்டு, "நாணலுக்குள்ள நாய் இழுத்த ஹோயிட்டோட மகன்தானே இவன்? ஹோயிட்னு எழுது" என்றான். ஹோயிட் என்றால் செத்து, கிடந்து, அழுகிப்போன விலங்கு. முற்றம் மறுபடி சிரித்தது, முன்பு சிரித்த அதே சிரிப்பு, ஒரு இழை கூட மாறவில்லை. இயோன் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்துவைத்தான். இறகு ஏட்டில் கீறும் ஓசை சாஃப்தாவுக்குக் கேட்டது. வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. ஒரு நொடிக்கு முன்னால் இதே வாயால் அல்லவா அவள் சிரிக்க வைத்தாள்.

மறுநாள் விடியலில் மாவு ஆலைக்கு வந்த ஒரு பெண் "மொராரு இருக்காரா" என்று கேட்டாள், அவள் நாக்கில் வறுத்த மாவின் ருசி வந்தது. நல்ல ருசியாக இருந்ததால் இன்னொரு முறை கேட்டாள். மதியத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது: ஏட்டில் ஏறிய பெயர் எதுவோ அந்தப் பொருள் சொல்கிறவன் வாய்க்குள் வருகிறது. பிரிசகாரு என்றால் நாக்கு முழுக்கத் தேன். சுர்து என்றால் காதுக் குறும்பியின் கசப்பு. கியோரு என்றால் விடியற்காலைக் கண்ணில் திரளும் பீளை, உப்பும் வழவழப்புமாக. பதூகே என்று சொன்னால் நாக்கின்மேல் ஆறு கால்கள் ஊர்ந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். ஹோயிட் என்று சொன்னவன் இரண்டு அடி எடுத்துவைப்பதற்குள் வாந்தி எடுக்கக் குனிந்துவிடுவான். வெயிலில் உப்பிய தோல், அதற்குள் பச்சையாக நெகிழ்ந்த தசை, அதன் இனிப்பு. ஆமாம், இனிப்பு, அதுதான் தாங்க முடியாதது என்று முதலில் சொன்னவன் சாயங்காலம் வரை படுத்திருந்தான்.

இதைக் கண்டு யாரும் அலறவில்லை, ஊரைக் காலி செய்யவில்லை. அந்த வருஷம் அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொருவருக்கும் நூறு வேலை இருந்தது, எனவே ஆற்றில் வெள்ளம் வந்தால் படகை வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொள்வது போல இதையும் இழுத்துக்கொண்டார்கள். எல்லாரும் சட்டைப் பையில் புதினா இலை வைத்துக்கொண்டார்கள். கூலிக்கு ஆள் கூப்பிடப் போகிறவர்கள் ஒரு குப்பியில் காடி கொண்டுபோனார்கள். சபையில் சாட்சிகள் பெயரைப் படிக்கும் நாளில் காது கேளாதவன் பெயர் வந்ததும் எல்லாரும் ஒன்றாகத் துப்பினார்கள், அதற்கென்று கோயில் வாசலில் மணல் கொட்டிவைத்தார்கள், வாரத்துக்கு ஒருமுறை மணலை மாற்றினார்கள். தவக்காலத்தில் கறி விற்கிறவன் பெயரைச் சொன்னால் நோன்பு முறியுமா என்று ஒரு கிழவர் பாதிரியாரைக் கேட்டார். பாதிரியார் மூன்று நாள் யோசித்து, ஆலைக்காரன் பெயர் கூடும், தேனீக்காரன் பெயர் ஞாயிறு மட்டும் கூடும், கறிக்காரன் பெயர் ஈஸ்டர் வரைக்கும் கூடவே கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்.

தேனீக்கார இயோனை அது ஒழித்தே விட்டது. தினைக் கூழை வாயில் வைக்கும்போதெல்லாம் ஊரார் "பிரிசகாரு" என்று சொல்லிக்கொண்டார்கள், ஒரு கரண்டிக்கு ஒரு முறை. பிறகு எவன் போய்த் தேன் வாங்குவான்? ஜாடி ஜாடியாகத் தேன் அவன் வீட்டில் உறைந்து கிடந்தது. சுவருக்கு அப்பால் குழந்தைகள் அவன் பெயரைச் சப்பிச் சப்பிச் சொல்வதை அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருநாள் காதில் மெழுகை உருக்கி அடைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் சாஃப்தா பார்த்தாள்; பார்க்கப் பார்க்க அவளுக்கு மனிதர்களின் வாயே அருவருப்பாகிவிட்டது. பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தாள், உதட்டின் ஓரத்தில் நுரைத்து நிற்கும் எச்சிலைப் பார்த்தாள், பல்லிடுக்கில் பச்சையாக ஒட்டிய புதினாவைப் பார்த்தாள். கோயிலில் பக்கத்தில் நிற்பவள் பாடினால் விலகி நின்றாள். அவள் மகனை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டுமென்றால் கையைத் தட்டினார்கள், நாயைக் கூப்பிடுகிறமாதிரி சீழ்க்கை அடித்தார்கள், சின்னக் கல்லை எடுத்து முதுகில் எறிந்தார்கள். வெறுமனே இயோன் என்றால் ஏழு பேர் திரும்புவார்களே, என்ன செய்ய என்று நியாயமும் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் அவன் தன் பெயர் காதில் விழுந்தாலும் திரும்பாத ஆளாகிவிட்டான், அது தன்னை அல்ல என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அவனுக்குப் பெண் கேட்டுப்போன இடத்தில் பெண்ணின் தாய் மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினாள்: பையன் நல்லவன், ஆனால் என் மகள் தினமும் அவனைக் கூப்பிட வேண்டாமா?

மதுக்கடையில் இளவட்டங்கள் பந்தயம் கட்டினார்கள், வாந்தி எடுக்காமல் எத்தனை முறை ஹோயிட் என்று சொல்ல முடியும் என்று. மூன்று முறை சொன்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். பழகப் பழக அது ஐந்தானது, ஒன்பதானது. பழைய பாலாடைக் கட்டி மாதிரிதான், முதலில்தான் குமட்டும் என்று ஒருவன் சொன்னதாக சாஃப்தாவின் காதுக்கு வந்தது. அன்று அவள் செய்துவைத்திருந்த கட்டிகளைத் தொட முடியாமல் துணி போட்டு மூடிவைத்தாள்.

ஆனால் அதெல்லாம் ஒன்றுமில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு மதியம், கோயிலின் பின்பக்கச் சுவரோரம் பன்றிக்கு ஓக் கொட்டை பொறுக்கப் போனவள், ஒனோஃப்ரேய் அங்கே தனியாக நிற்பதைக் கண்டாள். ஊர்த்தலைவன், வெளுத்த தாடி, ஆட்டுத்தோல் அங்கி, இடுப்பில் அதிகாரத்தின் தடி. கண்களை மூடிக்கொண்டிருந்தான். உதடு மெல்ல அசைந்தது. "ஹோயிட்" என்றான், ரகசியமாக, நீளமாக இழுத்து. நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் துழாவினான், விழுங்கினான். பிறகு மறுபடி. தாடியில் எச்சில் ஒழுகியது, புறங்கையால் துடைத்தான், துடைத்த புறங்கையை நக்கினான். அவன் முகத்தில் பசியாறிய குழந்தையின் அமைதி இருந்தது.

சாஃப்தா ஓக் கொட்டைகளைக் கொட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், ரத்தம் வரும்வரை தேய்த்தாள். அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, இருந்தும் தேய்த்தாள். செத்தவன் அவள் புருஷன். அவனைத்தான் அந்த ஆள் அங்கே நின்று தின்றுகொண்டிருந்தான்.

குளிர்காலம் வந்தது. பாலத்துக்கு மரம் வெட்ட ஊர் ஆண்கள் எல்லாரும் காட்டுக்குப் போனார்கள், ஒனோஃப்ரேய் மேற்பார்வைக்கு நின்றான். ஒரு பெரிய பைன் மரம் வெட்டிய திசையில் விழாமல், காற்றில் திருகிக்கொண்டு, குனிந்து கிளை கழித்துக்கொண்டிருந்த சாஃப்தாவின் மகன் பக்கம் சாயத் தொடங்கியதை முதலில் பார்த்தவன் ஒனோஃப்ரேய்தான். வாயைத் திறந்தான். பதினைந்து பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரியாதையுள்ள ஆள் நாலு பேர் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வானா? "இயோன்!" என்று மட்டும் கத்தினான். அருகில் நின்ற நான்கு இயோன்கள் துள்ளி விலகினார்கள். ஐந்தாவது இயோன் கூப்பிட்டது தன்னை அல்ல என்று நிமிராமல் வேலையைப் பார்த்தான்.

மரம் அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. ஊர் தள்ளி நின்று பார்த்தது. ஓடி வந்தவன் வண்டிக்கார கவ்ரில் ஒருவன்தான். நெம்புகோல் போட்டு மரத்தைத் தூக்கி, இடுப்புக் கச்சையை அவிழ்த்துத் தொடையில் கட்டி, அவனைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, குதிரையை விரட்டினான். மலையிறக்கத்தில் இயோனுக்குக் கண் சொருகியது. இந்தக் குளிரில் தூங்கினால் அதுவே கடைசித் தூக்கம் என்று கவ்ரிலுக்குத் தெரியும். இயோன் இயோன் என்று கூப்பிட்டுப் பார்த்தான், அந்தச் சொல் அவனைத் தொடவே இல்லை. அப்போதுதான் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டான். அதற்கு இயோன் கண் திறந்தான். அதனால் கவ்ரில் அதையே சொன்னான், காட்டிலிருந்து ஊர் வரை, பல கல் தூரம், ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு முறை, சொல்வது, பக்கவாட்டில் குனிந்து வாந்தி எடுப்பது, வாயைத் துடைக்காமல் மறுபடி சொல்வது. சாஃப்தாவின் வாசலில் வண்டி நின்றபோது அவன் தாடி முழுக்க வாந்தி உறைந்து பனிக்கட்டியாகத் தொங்கியது.

சாஃப்தா அந்தத் தாடியைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் அசிங்கத்தைத் தன் கையால் தொட்டாள். மகனை உள்ளே படுக்கவைத்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்து அந்த ஆளின் தாடியைக் கழுவிவிட்டாள். கழுவும்போது அவன் கழுத்தைச் சொறிந்தான். அவள் அந்தக் கழுத்தையும் கழுவிவிட்டாள்.

கால் போனது, உயிர் நின்றது. மகன் ஊன்றுகோலில் நிற்கத் தொடங்கியதும் சாஃப்தா மடத்துக்கு நடந்து போனாள். எழுத்தன் இலாரியோன் ஏடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து சூடான பால் குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெயரைச் சுரண்டி எடுக்கச் சொல்லிக் கேட்டாள். முத்திரை விழுந்த ஏட்டைச் சுரண்டினால் கையை வெட்டுவார்கள் என்று அவன் சொன்னான். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றான். எல்லைப் பத்திரம் பழையபடி எழுதியதில் மடாதிபதிக்குத் திருப்தியில்லை, வசந்தத்தில் எல்லையை மறுபடி நடந்து பார்க்கப் போகிறார்கள், அரண்மனையிலிருந்து ஒரு பிரபு நேரில் வருகிறார். ஊரிலிருந்து ஒருவர் தலையில் மண்கட்டியைச் சுமந்துகொண்டு எல்லை நெடுக நடக்க வேண்டும். பொய்யாக நடந்தால் அந்த மண் அவரை மூடும் என்பது சத்தியம். சாஃப்தா அதைச் சுமக்கட்டும், கல் சிலுவை வந்ததும் ஓடைப் பக்கம் திரும்பாமல் காட்டுப் பக்கம் திரும்பட்டும், மேட்டுப் புல்வெளி மடத்துக்கு வந்துவிடும். புதுப் பத்திரத்தில் அவள் மகனுக்கு அவள் சொல்கிற பெயர். பேசும்போது அவன் மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது. பேசப் பேச அது அசைந்தது.

வழியெல்லாம் அவளுக்கு அது சுலபமான காரியமாகத்தான் தெரிந்தது. அந்தப் புல்வெளி போனால் ஊர் மாடுகள் பட்டினி கிடக்கும். கிடக்கட்டும். கோயில் மணலில் துப்புகிற வாய்களும், பந்தயம் கட்டுகிற வாய்களும், சுவரோரம் நின்று சப்புக்கொட்டுகிற அந்த வாயும் வறண்டு போகட்டும். தான் சுமக்கிறேன் என்று ஊர்ச்சபையில் போய்ச் சொன்னாள். மண் சுமக்க வேறு எவருக்கும் ஆசையில்லை, விட்டுவிட்டார்கள்.

வசந்தத்தில் பிரபு வந்தார். இளம் வயது, நரித்தோல் கழுத்துப்பட்டை வைத்த மேலங்கி, வெள்ளைக் குதிரை, ஸ்துபேனியின் பெயரைக்கூட அன்றுதான் கேள்விப்படுகிறவர். மேட்டு எல்லையில் புல்லோடு ஒரு மண்கட்டியை வெட்டி எடுத்து சாஃப்தாவின் தலையில் வைத்தார்கள். ஈர மண். சேற்றுத் தண்ணீர் நெற்றியில் வழிந்து மூக்கோரம் இறங்கியது, ஒரு மண்புழு காதுக்குப் பின்னால் நெளிந்து கழுத்துக்குள் போனது. அவள் நடந்தாள். பின்னால் பிரபுவும் மடாதிபதியும் குதிரையில், அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுவதும் கால்நடையாக.

கல் சிலுவை வந்தது. இடது பக்கம் ஓடை, வலது பக்கம் காடு. சாஃப்தா நின்றாள். சேற்றுத் தண்ணீர் உதட்டில் இறங்கி வாய்க்குள் போயிருந்தது, அதை அவள் துப்பவில்லை. மண் மண்ணாகத்தான் ருசித்தது. வலது பக்கம் திரும்பினால் இந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடு என்று இந்த வாயால் சத்தியம் சொல்ல வேண்டும். பொய் எப்படி ருசிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபின் அதற்கும் பழகிவிடும், எல்லாவற்றுக்கும்தான் இந்த ஊரில் பழகுகிறார்கள். தன் வாயும் அவர்கள் வாய் மாதிரி ஆகிவிடும் என்ற நினைப்பில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஊருக்காக அல்ல, அந்தக் குமட்டலுக்காக, அவள் இடது பக்கம் ஓடையைப் பார்த்துத் திரும்பினாள்.

ஓடைக்கரையில் மண்ணை இறக்கி வைத்து, இதுதான் எல்லை என்று சத்தியம் செய்தாள். மடாதிபதி குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இலாரியோன் அவளை முறைத்தபடி புது ஏட்டை விரித்து, சாட்சிகள் பெயர் பழைய ஏட்டில் உள்ளபடியே இருக்கட்டும், எழுதி முடித்துவிடுகிறேன் என்றான். பிரபு ஒழுங்கான ஆள். சாட்சிகள் இருக்கிறார்களா என்று தானே பார்க்க வேண்டும் என்று பழைய ஏட்டை வாங்கி உரக்கப் படிக்கத் தொடங்கினார். இயோன் மொராரு. இயோன் பிரிசகாரு. அவர் புருவம் உயர்ந்தது, புன்னகைத்தார், உதட்டை நக்கிக்கொண்டார். இயோன் சுர்து என்றதும் புன்னகை நின்றது. இயோன் கியோரு. கவ்ரில் பதூகே. வாய்க்குள் விரலை விட்டு எதையோ தேடினார். ஆனாலும் பாதியில் நிறுத்துவது கௌரவக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த பெயரையும் தெளிவாக, சத்தமாக, நன்றாக வாயைத் திறந்து படித்தார்.

நரித்தோல் கழுத்துப்பட்டையிலும் சேணத்திலும் வெள்ளைக் குதிரையின் பிடரியிலும் பிரபு வாந்தி எடுத்தார். குதிரை மிரண்டு சுற்றியது, அவர் மறுபடி எடுத்தார். ஊர் மக்கள் பழக்கப்பட்ட கையால் சட்டைப் பையைத் துழாவி, நாற்பது கைகளில் நாற்பது புதினாக் கொத்துகளை அவருக்கு நீட்டினார்கள். அக்கறையாகத்தான் நீட்டினார்கள். அவர் அந்தக் கைகளைப் பார்த்தார், அந்த முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லாததைப் பார்த்தார். வாந்தியை விட அதுதான் அவரை அதிகம் வெளிற வைத்தது.

"இந்தப் பேருங்களை வச்சது யாரு?" என்று கேட்டார்.

ஒனோஃப்ரேய் தன் தடியின் நுனியில் ஒட்டிய மண்ணைக் கவனமாகச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

சாஃப்தா முன்னால் வந்தாள், முகமெல்லாம் சேறு. "பதூகேங்கிறது நான் வச்சது, ஐயா" என்றாள். "எல்லாரும் சிரிப்பாங்கன்னு வச்சேன். சிரிச்சாங்க. மத்த பேருங்களை வச்சவங்களும் இங்கதான் நிக்கிறாங்க."

அவள் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஊர் புதினாவைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டது.

பிரபு பழைய ஏட்டை ஓடையில் எறிந்தார். உடம்பின் குறையையும் சாவையும் பெயராக எழுதக் கூடாது, இன்னாருடைய பிள்ளை என்று எழுது, தகப்பன் பெயரால் முடியாவிட்டால் தாய் பெயரால் எழுது என்று இலாரியோனுக்கு உத்தரவிட்டார். செவிடனுக்கும் ஒற்றைக் கண்ணனுக்கும் தகப்பன் பெயர் கிடைத்தது. சாஃப்தாவின் மகன் முறை வந்தது. தகப்பன் வசீலே பெயரால் எழுதலாமென்றால், வசீலே மகன் இயோன் என்று வேறொருவன் ஏற்கெனவே இருந்தான். எனவே சாஃப்தாவினுடைய இயோன் என்று ஆனது, அவர்கள் பேச்சில் அசாஃப்தேய். கவ்ரிலைக் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தகப்பனும் இல்லை தாயும் இல்லை. தொழில் பெயர் எழுதலாமே என்றார் பிரபு. கவ்ரில் யோசித்தான். சாஃப்தாவின் பக்கம் திரும்பினான், அவன் பார்வையில் கோபம் எதுவும் இல்லை.

"என் பேரு அப்படியே இருக்கட்டும்" என்றான். "எத்தனை வருஷமானாலும் வச்சவங்களுக்கு மறக்கக் கூடாது."

புதுப் பத்திரம் முத்திரையிடப்பட்ட மறுநாள் ஊர் சலித்துக்கொண்டது. தேனீக்காரனும் தகப்பன் பெயரால் எழுதப்பட்டிருந்தான், கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. புல்வெளியைக் காப்பாற்றிக் கொடுத்தவள் என்று எவரும் சாஃப்தாவைச் சொல்லவில்லை. ருசியைக் கெடுத்தவள் என்றார்கள். அசாஃப்தேய், அசாஃப்தேய் என்று அவள் மகனை இப்போது எல்லாரும் தெருவுக்குத் தெரு கூப்பிட்டார்கள், வாயில் ஏதாவது வருகிறதா என்று எச்சிலைக் கூட்டிப் பார்த்தபடி கூப்பிட்டார்கள். ஒன்றும் வரவில்லை, அவரவர் எச்சில்தான். இயோனும் திரும்பவில்லை. தோளைத் தொட்டால்தான் திரும்பினான். அவன் காது அந்த ஊரில் எந்தப் பெயருக்கும் திரும்பாதபடி பழகிப்போயிருந்தது.

கோடையின் தொடக்கத்தில் தாயும் மகனும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கவ்ரில் தன் வண்டியில் துறை வரை கொண்டுவிட்டான். இறங்கியதும் சாஃப்தா அவன் எதிரில் நின்று, "போயிட்டு வரேன், கவ்ரில் பதூகே" என்றாள். ஆறு கால்கள் அவள் நாக்கில் ஊர்ந்தன. அவள் துப்பவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்க, விழுங்கினாள். கவ்ரில் தலையசைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டான்.

ஆற்றுக்கு அக்கரையில், மூன்று நாள் நடைத் தூரத்தில் ஒரு ஊர் இருந்தது. அங்கே இயோன் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாக மரவாளி செய்யக் கற்றுக்கொண்டான், நன்றாகவும் செய்தான். அங்கே எவருக்கும் அவனைத் தெரியாது. என்ன பெயர் என்று கேட்டபோது தாய்தான் சொன்னாள், சொல்லிவிட்டு அவர்கள் உதட்டைப் பார்த்தாள். ஒருவரும் நாக்கால் துழாவவில்லை, கேட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். எனினும் அவன் அங்கேயும் திரும்பாமல்தான் இருந்தான். வாளி வாங்க வந்தவர்கள் பக்கத்தில் வந்து தொட்டுக் கூப்பிட்டார்கள், கால் போனவனுக்குக் காதும் மந்தம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். சாஃப்தா யாருடைய வாயையும் பார்க்க முடியாமல், ஆடுகளோடு ஆடாக இருந்தாள்.

இலை பழுக்கிற நேரத்தில் ஒரு காலை, பக்கத்துத் தோட்டத்தில் ரோத்திக்கா என்ற பெண் பிளம் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் திறந்து ஆடுகள் அவள் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டன. பெரிய வாய்க்காரி, கூச்சம் அறியாதவள். ஒரு கையில் ரொட்டி, கன்னம் புடைக்கப் பழம், சாறு முகவாயில் ஒழுகிக்கொண்டிருந்தது. மெல்லுவதை நிறுத்தாமல் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "இயோன் அசாஃப்தேய்! உங்க ஆடு என் முட்டைக்கோஸைத் திங்குது" என்று ஊர் கேட்கக் கூப்பிட்டாள்.

சாஃப்தா அந்த வாயைப் பார்த்தாள். சொன்ன பிறகும் அது மென்றுகொண்டே இருந்தது, பழத்தோல் பல்லில் ஒட்டியிருந்தது, கொட்டையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியது. தனக்கு இப்போது குமட்ட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். குமட்டவில்லை.

வாளியைக் கீழே வைத்துவிட்டு, இயோன் திரும்பிப் பார்த்தான்.